ஷிஃப்ட் லிஸ்ட்டும் ஸ்கில் மேட்ரிக்ஸும்: தொழிற்சாலையில் ‘டிஜிட்டல்’ என்றால் உண்மையில் என்ன?

"எங்க பிளான்ட்ல எல்லாம் டிஜிட்டல் ஆக்கிட்டோம்" என்று இப்போது நிறைய பேர் சொல்கிறார்கள். என்ன ஆக்கினீர்கள் என்று கேட்டால் ஒருவர் கேட்டில் இருக்கும் கைரேகை மெஷினைக் காட்டுவார், இன்னொருவர் கலர் கலராக நிரப்பிய எக்செல் ஷீட்டைத் திறப்பார், மூன்றாவது ஆள் தினமும் ஷிஃப்ட் லிஸ்ட் வருகிற வாட்ஸ்அப் குரூப்பைக் காட்டுவார். மூன்றுமே பயனுள்ளவைதான். ஆனால் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு இரண்டு பேர் வரவில்லை, அந்த இரண்டு இடத்தில் யாரை நிறுத்தலாம், யாரை நிறுத்தக்கூடாது என்ற கேள்விக்கு இந்த மூன்றில் எதுவும் பதில் சொல்லாது. லைன் லீடர் மண்டையைச் சொறிந்துகொண்டு, கண்ணில் பட்ட ஆளைக் கூப்பிட்டு நிறுத்துவார்.

அந்தக் கேள்விக்குச் சில நிமிடங்களில் நம்பகமான பதில் கிடைக்க என்னென்ன வேண்டும் என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். தொழிற்சாலைக்குள் கால் வைக்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் அடிப்படையிலிருந்தே வருகிறேன்.

கல்யாணச் சமையல்காரரின் இரண்டு கணக்கு

பதினைந்து பேரை வைத்துக்கொண்டு கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஜாங்கிரி பிழியத் தெரிந்தவர்கள் யார், ஐந்நூறு பேருக்குச் சாம்பார் கூட்டத் தெரிந்தவர் யார், காய் நறுக்க மட்டும் சரிப்படுகிறவர் யார் என்று அவருக்குத் தெரியும். இது ஒரு கணக்கு. எந்தத் தேதியில் எந்த மண்டபம், அங்கே யார் யார் போகிறார்கள் என்பது இன்னொரு கணக்கு. ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம் வந்தால், ஜாங்கிரி தெரிந்த இரண்டு பேரையும் ஒரே மண்டபத்துக்கு அனுப்பிவிட மாட்டார். ஏன் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு கணக்கும் அவர் மண்டைக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கின்றன.

பதினைந்து பேர் வரைக்கும் இது நன்றாகவே ஓடும். மூன்று ஷிஃப்ட், முந்நூறு பேர், நாற்பது வகை வேலை என்று ஆகும்போது எந்த மண்டையிலும் அடங்காது. அந்த ஆளுக்கே காய்ச்சல் வந்துவிட்டால் கணக்கும் அவரோடு படுத்துவிடும்.

தொழிற்சாலையில் முதல் கணக்குக்கு ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று பெயர்: யாருக்கு எந்த வேலை எந்த அளவுக்குத் தெரியும் என்ற அட்டவணை. இரண்டாவதற்கு ரோஸ்டர், அதாவது எந்த நாள் எந்த ஷிஃப்டில் யார் எங்கே என்ற பட்டியல். பெரும்பாலான இடங்களில் இரண்டுமே ஏற்கெனவே இருக்கின்றன. மேட்ரிக்ஸ் தரக் கட்டுப்பாட்டுக்காரர்களின் ஃபைலில் இருக்கும், ரோஸ்டர் புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் கையில் இருக்கும், ஒன்றுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது.

சுருக்கமாக: டிஜிட்டல் ஆக்குவது என்றால் இந்த இரண்டையும் இணைப்பது. ஒன்றில் மாற்றம் வந்தால் இன்னொன்று தானாக அசைய வேண்டும்.

ஸ்கில் மேட்ரிக்ஸில் என்ன இருக்கிறது

இடது பக்கம் ஆட்களின் பெயர், மேலே ஸ்டேஷன்களின் பெயர். ஸ்டேஷன் என்றால் லைனில் ஒருவர் நின்று ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் இடம். பெயரும் ஸ்டேஷனும் சந்திக்கும் கட்டத்தில் அந்த ஆளின் நிலையைக் குறிப்பார்கள். ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலைகளில் ஐ, எல், யு, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை இதற்குப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். இதில் எழுத்தின் வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரு சதுரத்தைப் பக்கம் பக்கமாக வரைந்தால் ஒரு கோட்டில் ஐ, இரண்டில் எல், மூன்றில் யு, நான்காவது கோடு போட்டு மூடினால் ஓ. ஐ என்றால் கற்றுக்கொண்டிருக்கிறார். எல் என்றால் பக்கத்தில் தெரிந்தவர் இருந்தால் செய்வார். யு என்றால் தனியாக, வேண்டிய வேகத்தில், தரம் குறையாமல் செய்வார். ஓ என்றால் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பார். சில இடங்களில் எழுத்துக்குப் பதில் கால் கால் பாகமாக நிரப்பிய வட்டம் இருக்கும், விஷயம் ஒன்றுதான்.

எல்லுக்கும் யுவுக்கும் நடுவில் இருக்கும் தூரம் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. கார் பிரேக்குக்கான காலிப்பர் அசெம்பிளி செய்கிற ஒரு லைனை எடுத்துக்கொள்வோம். அதில் லீக் டெஸ்ட் என்று ஒரு ஸ்டேஷன். காலிப்பரை ஃபிக்ஸ்சரில் வைத்து, பட்டனை அழுத்தினால் மெஷின் உள்ளே காற்றைச் செலுத்தி, அழுத்தம் குறைகிறதா என்று பார்க்கும். குறையவில்லை என்றால் பச்சை விளக்கு, குறைந்தால் சிவப்பு. பார்த்தால் பத்து நிமிடத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம் போலத் தோன்றும். ஆனால் ஷிஃப்ட் ஆரம்பத்தில் ரிஜெக்ட் மாஸ்டரை, அதாவது வேண்டுமென்றே ஓட்டை விட்டுச் செய்த ஒரு மாதிரி பீஸை, முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். மெஷின் அதற்குச் சிவப்பு காட்டினால்தான் மெஷின் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம்; பச்சை காட்டினால் லைனையே நிறுத்த வேண்டும். பட்டன் அழுத்த மட்டும் தெரிந்தவர் இதை விட்டுவிடுவார். அது மட்டுமா, நல்ல ஓட்டத்தில் ஒரு பீஸுக்குச் சிவப்பு வந்தால் அதையே எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பார், மறுபடியும் சிவப்பு, மூன்றாவது தடவை எப்படியோ பச்சை வந்ததும் நல்ல பீஸ் ட்ரேயில் போட்டுவிடுவார். அந்த பீஸ் யாரோ ஒருவருடைய காரில் பிரேக்காகப் போகிறது. சிவப்பு வந்தால் தனியே வைத்து, குறித்துவிட்டு, ஆளைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்து, அவசரத்திலும் அதைச் செய்கிறவர்தான் யு.

அதனால் ஒருவருக்கு யு போடுவதற்கு முன்னால் அவர் வேலை செய்வதை ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும், "இதை ஏன் இப்படிச் செய்றீங்க?" என்று கேட்டிருக்க வேண்டும், சில நாள்களுக்கு அவர் செய்த பீஸ்களைச் சோதித்திருக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதெல்லாம் இதற்குக் கணக்கில் வராது.

இந்த அட்டவணை புதிதும் கிடையாது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்காவில் அனுபவமில்லாத லட்சக்கணக்கானவர்களை அவசர அவசரமாகத் தொழிற்சாலை வேலைக்குப் பழக்க வேண்டியிருந்தது. அதற்காக அந்த அரசு நடத்திய டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி என்ற திட்டத்தில், எந்த ஆளுக்கு எந்த வேலையை எந்தத் தேதிக்குள் கற்றுத்தர வேண்டும் என்று மேற்பார்வையாளரே ஒரு கால அட்டவணை போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போனது, அங்கே டொயோட்டா போன்ற நிறுவனங்களில் ஒருவருக்குப் பல வேலை என்ற முறையோடு சேர்ந்து வளர்ந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாயும் ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசானும் உற்பத்தி தொடங்கிய வட்டாரத்தில், கார் கம்பெனிகளுக்குச் சப்ளை செய்கிற எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் சுவரில் இதைப் பார்க்கலாம்.

ஆட்டோ துறைக்கான தரநிர்ணயமான ஐஏடிஎஃப் 16949 இன்னும் ஒரு படி போகிறது. தரத்தைப் பாதிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவருக்கு வேலையிடத்திலேயே பயிற்சி தர வேண்டும், கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் அது பொருந்தும் என்று 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு தெளிவாகவே சொல்கிறது. இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், பல இடங்களில் மேட்ரிக்ஸில் நிரந்தரத் தொழிலாளர்களின் பெயர் மட்டும்தான் இருக்கும், லைனில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் கான்ட்ராக்ட்டும் ட்ரெய்னியுமாக இருப்பார்கள்.

எத்தனை பேர் வேண்டும்?

இது எளிய வகுத்தல் கணக்கு. எட்டு மணி நேர ஷிஃப்டில் 480 நிமிடம். சாப்பாட்டுக்கு 30, இரண்டு டீ பிரேக்குக்கு 20 போனால் 430 நிமிடம், அதாவது 25,800 விநாடி. அந்த ஷிஃப்டில் 600 காலிப்பர் வேண்டும் என்றால் 43 விநாடிக்கு ஒன்று வெளியே வர வேண்டும். வாடிக்கையாளருக்குத் தேவையான வேகத்தில் ஓட, ஒரு பொருளுக்குக் கிடைக்கும் இந்த நேரத்துக்கு டேக்ட் டைம் என்று பெயர். ஒரு காலிப்பர் செய்ய மொத்தம் 320 விநாடி வேலை இருக்கிறது என்று வைத்தால், 320-ஐ 43-ஆல் வகுக்க ஏழரைக்குக் கொஞ்சம் கீழே வரும். எட்டு பேர், எட்டு ஸ்டேஷன்.

ஆர்டர் 450-ஆகக் குறைந்தால் டேக்ட் டைம் 57 விநாடியைத் தாண்டும், ஆறு பேர் போதும். அப்போது இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு ஸ்டேஷனைச் சேர்த்துப் பார்க்க வேண்டிவரும். இங்கேதான் ஆள் எண்ணிக்கை திறனோடு வந்து முட்டுகிறது: ஆறு பேர் போதும் என்று கணக்கு சொல்லலாம், ஆனால் இரண்டு ஸ்டேஷன் தெரிந்த ஆள் இருந்தால்தான் அது நடக்கும்.

யாரை எங்கே நிறுத்துவது?

எட்டு பேரை எட்டு ஸ்டேஷனில் எத்தனை விதமாக நிறுத்தலாம்? 40,320 விதம். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு ஸ்டேஷன் என்றால் 47 கோடியைத் தாண்டும். எல்லாவற்றையும் மனிதர் யாரும் யோசித்துப் பார்க்க முடியாது, யோசிக்கவும் வேண்டாம், ஏனென்றால் பெரும்பாலானவற்றை விதிகளே தள்ளிவிடும்.

விதிகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதல் வகை, எந்தக் காரணத்துக்காகவும் மீறக்கூடாதவை. லீக் டெஸ்ட்டில் யு-வுக்குக் கீழே யாரும் தனியாக நிற்கக்கூடாது என்பது ஒன்று. சட்டம் சொல்வதெல்லாம் இதே வகைதான்: 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்வதற்குள் அரை மணி ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று இருந்தது. இரண்டாவது வகை, முடிந்தவரை பார்த்துக்கொள்ள வேண்டியவை. நைட் ஷிஃப்ட் எல்லாருக்கும் சமமாகச் சுற்றிவர வேண்டும், ஓவர்டைம் எப்போதும் ஒரே ஆளுக்குப் போகக்கூடாது, ஒரே பஸ் ரூட்டில் வருகிறவர்கள் முடிந்தால் ஒரே ஷிஃப்டில் இருக்கட்டும், எல் நிலையில் இருப்பவர் பக்கத்து ஸ்டேஷனில் ஓ நிலையில் ஒருவர் இருந்தால் நல்லது, இந்த மாதிரி.

முதல் வகையை மீறாமல் இரண்டாவது வகையை முடிந்த அளவு நிறைவேற்றும் ஒரு வழியைத் தேடித்தருகிற மென்பொருளுக்குச் சால்வர் என்று பெயர். இதை இப்போது ‘ஏஐ ஷிஃப்ட் போடுகிறது’ என்று சொல்லி விற்கிறார்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது பழைய கணிதம்தான்: சுங்கச்சாவடியில் எந்த நேரத்துக்கு எத்தனை பேரை நிறுத்துவது என்ற கேள்வியைக் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக் 1954-லேயே சமன்பாடாக எழுதிக் காட்டிவிட்டார். பழசாக இருப்பதில் குறையே இல்லை, அது வேலை செய்கிறது. கூகுள் வெளியிட்ட ஓஆர்-டூல்ஸ் என்ற இலவச மென்பொருளை வைத்துக்கூட இதைச் செய்யலாம்.

ஒரு விஷயம் முக்கியம். விதிகளை எழுதுவது மனிதர்கள். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது, தொழிற்சங்கங்களும் கட்சிகளும் கடுமையாக எதிர்த்தன, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. சால்வரில் 8 என்ற இடத்தில் 12 என்று மாற்ற ஒரு விநாடி போதும், அதுவும் முகம் சுளிக்காமல் போட்டுத்தரும். ஆகவே என்னென்ன விதிகள் உள்ளே இருக்கின்றன என்பது எச்ஆர் மட்டும் பார்க்கிற திரையில் ஒளிந்திருக்கக் கூடாது, தொழிலாளர்களும் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதுவரை பார்த்தது: மேட்ரிக்ஸ் யாருக்கு என்ன தெரியும் என்கிறது, டேக்ட் டைம் எத்தனை பேர் என்கிறது, விதிகள் எது ஆகாது என்கின்றன, சால்வர் மிச்சம் இருப்பதில் நல்லதை எடுத்துத் தருகிறது.

ஆறு மணி ஷிஃப்ட், ஐந்து ஐம்பது

எல்லாம் இணைந்த ஒரு இடத்தில் என்ன நடக்கும்? கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி எல்லாரும் பன்ச் செய்கிறார்கள். ஐந்து ஐம்பதுக்கு லீக் டெஸ்ட்டில் நிற்க வேண்டியவர் இன்னும் வரவில்லை என்று லைன் லீடரின் டேப்லெட்டில் தெரிகிறது. வந்திருப்பவர்களில் லீக் டெஸ்ட்டில் யு அல்லது ஓ உள்ளவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் இந்த வாரம் ஏற்கெனவே 48 மணி நேரத்தை நெருங்கிவிட்டார். இன்னொருவர் இப்போது பேக்கிங்கில் இருக்கிறார், பேக்கிங்குக்கு எல் நிலை போதும், அந்த இடத்துக்கு ஒரு ட்ரெய்னி இருக்கிறார். திரை இந்த மாற்றத்தைப் பரிந்துரைக்கிறது, லைன் லீடர் சரி என்கிறார். ஸ்டேஷனில் அடையாள அட்டையை வைத்தால்தான் மெஷின் ஓடும் என்ற ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. தகுதி இல்லாதவர் அட்டையை வைத்தால் மெஷின் கிளம்பாது. ஆள் மாறியிருக்கிறார் என்ற குறிப்பு தரப் பிரிவுக்கும் போகிறது, முதல் சில பீஸ்களை அவர்கள் கூடுதலாகச் சோதிக்கிறார்கள்.

லைன் லீடருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை கட்டாயம் இருக்க வேண்டும். முந்தைய நாள் மணிக்கட்டில் அடிபட்டவர் யார், ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் குழந்தையோடு இருந்துவிட்டு வந்தவர் யார் என்று அவருக்குத்தான் தெரியும், திரைக்குத் தெரியாது. மாற்றும்போது காரணத்தை ஒரு வரியில் போட்டால் போதும். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே இருக்கும் விதிதான் தப்பு, அதைத் திருத்த வேண்டும்.

லீவு கிடைக்காத ஆள்

இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது. ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஒருவர் இருப்பார். எல்லா ஸ்டேஷனும் தெரியும், எந்த மெஷின் எப்போது மக்கர் பண்ணும் என்பதும் தெரியும். அவருக்கு என்ன பரிசு? தங்கச்சி கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு கேட்டால், "நீங்க இல்லேன்னா லைன் நின்னுடும்ணே, ரெண்டு நாள்ல வந்துடுங்க" என்பார்கள். பொங்கலுக்கும் அவர்தான் வர வேண்டும். வேலை தெரிந்ததே அவருக்குத் தண்டனையாகிவிடுகிறது. இதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற இளைஞர்கள், எதையும் கூடுதலாகக் கற்றுக்கொள்ளாமல் இருப்பதே நல்லது என்று முடிவு செய்கிறார்கள்.

மேட்ரிக்ஸை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பார்த்தால் இந்த ஆபத்து உடனே தெரியும். ஒரு ஸ்டேஷனுக்குக் கீழே யு அல்லது ஓ ஒரே ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது என்றால், அடுத்த மாதப் பயிற்சி அங்கேதான் தொடங்க வேண்டும். ஷிஃப்டுக்கு மூன்று பேராவது தெரிந்தவர்கள் என்று இலக்கு வைத்து, வேலைப்பளு குறைவான நாள்களில் எல் நிலையில் இருப்பவரை அந்த ஸ்டேஷனில் நிறுத்தும்படி ரோஸ்டரே பார்த்துக்கொள்ளலாம். இன்றைய ஓட்டையை அடைப்பதைவிட இந்தப் பயன் பெரியது, ஆனால் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

எங்கே கெட்டுப்போகிறது

முதல் இடம், ஆடிட்டுக்கு முந்தைய நாள். மேட்ரிக்ஸைத் தூசி தட்டி எடுத்து, ஒருவரே உட்கார்ந்து எல்லாருக்கும் யு போட்டு முடிப்பார். காகிதத்தில் இருக்கும்வரை அதனால் பெரிய கெடுதல் இல்லை, யாரும் அதைப் பார்த்து ஆள் நிறுத்துவதில்லை. ரோஸ்டரோடு இணைத்த பிறகு அதே பொய் நேரடியாக ஆளை மெஷினில் கொண்டுபோய் நிறுத்தும், அதுவும் கம்ப்யூட்டர் சொன்னது என்ற தைரியத்தோடு.

இரண்டாவது, காலாவதி இல்லாமை. லீக் டெஸ்ட்டில் யு வாங்கிய ஒருவர் ஒரு வருடமாக அந்தப் பக்கமே போகவில்லை என்றால் அந்த யு இன்னும் செல்லுமா? நிலையோடு சேர்த்து யார் மதிப்பிட்டார், எந்தத் தேதி, கடைசியாக எப்போது அந்த ஸ்டேஷனில் வேலை செய்தார் என்ற மூன்றும் பதிவாக வேண்டும். ஆறு மாதம் தொடாமல் இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும் என்பது போல ஒரு வரம்பைத் தொழிற்சாலையே வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, ரிஜெக்‌ஷன் எண்ணிக்கையை வைத்து ஆளின் நிலையைத் தானாகக் குறைப்பது. ஒரு ஷிஃப்டில் லீக் டெஸ்ட்டில் நிறைய பீஸ் போனதற்கு அன்றைக்கு வந்த சீல் ரிங் மோசமாக இருந்தது காரணமாக இருக்கலாம், காஸ்டிங்கில் நுண்துளை இருந்திருக்கலாம். ஒருவரின் நிலையைக் குறைப்பதற்கு முன்னால் மனிதர் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும், சம்பந்தப்பட்டவரிடம் பேச வேண்டும். தன் நிலை என்ன, யார் எப்போது போட்டார் என்பதைத் தொழிலாளி தன் போனிலேயே பார்க்கவும், தவறு என்றால் மறுக்கவும் வழி இருந்தால்தான் அட்டவணைமேல் அவருக்கு நம்பிக்கை வரும்.

எங்கிருந்து தொடங்குவது

ஒரே ஒரு லைனை எடுத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேர் வாங்குவதற்கு முன்னால், கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து, அந்த லைனில் நிற்கிற அத்தனை பேரையும் ஸ்டேஷனில் வைத்துப் பார்த்து நிலை போடுங்கள். ஏற்கெனவே சுவரில் இருக்கும் மேட்ரிக்ஸோடு ஒப்பிட்டால் எத்தனை கட்டம் மாறுகிறது என்று தெரியும், அந்த வித்தியாசத்தை மூடி மறைக்காதீர்கள். அப்புறம் ஒரு சாதாரண எக்செல்லிலேயே, நிலை போதாத ஆளின் பெயரை ரோஸ்டரில் போட்டால் கட்டம் சிவப்பாகிற மாதிரி இரண்டு ஷீட்டையும் இணைத்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். எந்த விதி எழுதாமல் விட்டுப்போயிருக்கிறது என்பது அந்த ஒரு மாதத்திலேயே வெளியே வந்துவிடும்.

அதன் பிறகு சாஃப்ட்வேர் விற்க வருகிறவரிடம், அழகான டாஷ்போர்டைக் காட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து, ஒருவருடைய லீக் டெஸ்ட் நிலையை யு-விலிருந்து எல்லுக்கு உங்கள் கண்முன்னால் மாற்றச் சொல்லுங்கள். நாளைய ரோஸ்டரில் அவர் பெயர் லீக் டெஸ்ட்டிலேயே அசையாமல் நின்றால், அவர் விற்க வந்திருப்பது நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் இரண்டு தனித்தனி லிஸ்ட்டைத்தான்.